'வேகம்' என்னும் ஒரு சொல்: இணைய இணைப்புக் குறைகளை இனங்கண்டு பெயரிடுதல்

முன்னுரை

மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளிலும் இணையம் இன்று குடிநீரையும் மின்சாரத்தையும் போன்று அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகிவிட்டது. ஆயினும் குழாயில் நீர் வராதபோது குறை எங்குள்ளது என்பதை நாம் ஓரளவு ஊகித்துக்கொள்கிறோம். குழாய் அடைத்துக்கொண்டதா, தொட்டி வற்றியதா, வட்டாரம் முழுவதற்கும் நீர் நிறுத்தப்பட்டதா எனப் பிரித்தறிந்து அதற்கேற்ப உரியவரை நாடுகிறோம். இணையம் தடைப்படும்போதோ நம்மிடம் இரண்டே தொடர்கள் உள்ளன: 'லைன் இல்லை', 'லைன் ஸ்லோ'. எழுத்து வழக்கில் இவையே 'இணைப்பு இல்லை' என்றும் 'வேகம் குறைவு' என்றும் ஆகின்றன.

மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர்ப் பள்ளிகள் 2020 ஏப்ரல் 8ஆம் நாள் முதல் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அதன் பின்னர் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் வகுப்பறை என்பது விட்டுவிட்டு இணைய இணைப்பைச் சார்ந்திருந்தது. அக்காலத்தில் மாணவர் ஒருவர் வகுப்பிலிருந்து மறைந்தபோதும், வினாவிற்கு விடை கூறாது இருந்தபோதும், ஒப்படைப்பைக் காலங்கடந்து அனுப்பியபோதும் அவர் கூறிய காரணம் பெரும்பாலும் இவ்விரு தொடர்களுள் ஒன்றாகவே இருந்தது. அஃது உண்மையான காரணமா, சாக்கா என்பதை ஆசிரியரால் தெளிய முடியவில்லை. இயங்கலை வகுப்புகளும் கூட்டங்களும் இன்றும் தொடர்வதால் இச்சிக்கல் அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை.

'வேகம் குறைவு' என்னும் ஒரே தொடருக்குள் குறைந்தது நான்கு வேறுபட்ட குறைகள் மறைந்திருக்கின்றன. அவற்றின் காரணமும் வேறு, தீர்வும் வேறு. அவற்றை இனங்கண்டு தமிழில் பெயரிட்டு வழங்குவது ஆசிரியர்க்கு ஏன் இன்றியமையாதது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகலமும் வேகமும்

நாம் வழங்கும் 'அகண்ட அலைவரிசை' என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். இச்சொல் குறிப்பது அகலத்தை. மலாய் மொழியில் வழங்கும் 'ஜாலுர் லேபார்' என்பதற்கும் அகன்ற பட்டை என்பதே பொருள். ஆயினும் விளம்பரங்களிலும் அன்றாடப் பேச்சிலும் நாம் கேட்பது 'வேகம்' என்ற சொல்லே. '100 மெகாபிட் வேகம்' என்று விளம்பரம் கூறும்போது அது குறிப்பது ஒரு விநாடியில் அவ்விணைப்பின் வழியே செல்லக்கூடிய தரவின் பெரும அளவை. இதனைக் 'கொள்ளளவு' என்பதே பொருத்தமாகும்.

ஒரு சாலையின் அகலத்திற்கும் அச்சாலையில் ஓர் ஊருக்குச் சென்று திரும்ப ஆகும் நேரத்திற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது. இருவழிச் சாலையை எட்டுவழிச் சாலையாக்கினால் ஒரே நேரத்தில் மிகுதியான வண்டிகள் செல்லலாம். நெரிசலற்ற நேரத்தில் செல்லும் ஒரு வண்டிக்கு அதனால் பயணநேரம் குறைவதில்லை. இணையத்திலும் கொள்ளளவு வேறு, ஒரு செய்தி சென்று திரும்ப ஆகும் நேரம் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் பலர் கூடுதல் கட்டணம் செலுத்திக் கொள்ளளவைப் பெருக்கிக்கொண்டு, பழைய குறையே தொடரக் கண்டு வருந்துகின்றனர்.

கொள்ளளவு பற்றிய எண்களிலும் ஒரு மயக்கம் உண்டு. இணைப்பு 'பிட்' என்னும் அலகிலும் கோப்பு 'பைட்' என்னும் அலகிலும் அளக்கப்படுகின்றன. ஒரு பைட் எட்டுப் பிட்டுகளுக்குச் சமம். எனவே விநாடிக்கு 100 மெகாபிட் கொள்ளளவுடைய இணைப்பில் ஒரு விநாடியில் இறங்கக்கூடியது 12.5 மெகாபைட் மட்டுமே. 600 மெகாபைட் அளவுள்ள காணொளிப் பாடம் ஒன்று ஆறு விநாடியில் இறங்கும் என எதிர்பார்ப்பவர், அது 48 விநாடி எடுத்துக்கொள்வதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார். அங்கு ஏமாற்று ஏதுமில்லை. அலகுகளின் வேறுபாடே காரணம்.

இறக்கமும் ஏற்றமும்

முதலாவது குறை கொள்ளளவைச் சார்ந்தது. இணைப்பின் கொள்ளளவு பெரும்பாலும் ஒன்றன்று, இரண்டாகும். இணையத்திலிருந்து நம் வீட்டிற்குத் தரவு வருவது இறக்கம், நம் வீட்டிலிருந்து செல்வது ஏற்றம். மலேசியாவில் 2001ஆம் ஆண்டில் அறிமுகமான ஸ்திரீமிக்ஸ் சேவை, தொலைபேசிக்கென இடப்பட்டிருந்த செம்புக் கம்பிகளின் வழியே இயங்கியது. அத்தொழில்நுட்பத்தின் பெயரிலேயே 'சமச்சீரற்ற' என்னும் அடைமொழி உண்டு. இறக்கத்திற்குப் பெரும்பங்கும் ஏற்றத்திற்குச் சிறுபங்கும் ஒதுக்குவது அதன் அமைப்பு. பார்ப்பதும் படிப்பதுமே மக்களின் முதன்மைத் தேவையாக இருந்த காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை.

2010ஆம் ஆண்டில் மலேசியாவில் யூனிஃபை என்னும் பெயரிலும் சிங்கப்பூரில் நாடளாவிய கட்டமைப்பாகவும் ஒளியிழை இணைப்புகள் வீடுகளுக்கு வரலாயின. நகர்ப்புறங்களில் ஏற்றக் கொள்ளளவு பெருகியது. ஆயினும் மலேசியாவின் சிற்றூர்கள், தோட்டப்புறங்கள் பலவற்றில் செம்புக்கம்பி இணைப்பே மேலும் பல்லாண்டுகள் நீடித்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலகி இருக்குந்தோறும் அதன் கொள்ளளவு தேய்ந்துகொண்டே செல்லும். நான்கைந்து கிலோமீட்டருக்கு அப்பால் அது பயன்பாட்டிற்கே உதவாத நிலையை எட்டிவிடும்.

இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடைபெற்ற காலத்தில் மாணவர் செய்யவேண்டியிருந்தது வெறும் பார்த்தல் அன்று. செய்யுளை ஒப்புவித்துப் பதிவு செய்து அனுப்புதல், கதை கூறிக் காணொளியாக அனுப்புதல் ஆகியன தமிழ்ப் பாடத்தில் வழக்கமான பயிற்சிகளாயின. விநாடிக்கு 0.5 மெகாபிட் ஏற்றமுள்ள செம்புக்கம்பி இணைப்பில் 60 மெகாபைட் காணொளி ஒன்றை அனுப்ப 16 நிமிடங்கள் ஆகும். இடையில் ஒருமுறை இணைப்பு அறுந்தால் பல செயலிகளில் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வரிசையில் காத்திருக்கவேண்டும். அதே காணொளியை ஆசிரியர் தம் வீட்டில் ஒளியிழை இணைப்பில் சில விநாடிகளில் இறக்கிக் காண்கிறார். ஆதலால் மாணவரின் காலத்தாழ்ச்சி அவர்க்குச் சோம்பலாகத் தோன்றுவது இயல்பே.

சுணக்கம்

இரண்டாவது குறையைச் 'சுணக்கம்' என்று வழங்கலாம். ஒரு செய்தி சென்று விடை திரும்பி வர ஆகும் நேரமே சுணக்கம் ஆகும். இது மில்லிவிநாடியில், அஃதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கப்படுகிறது. ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்லும். கோலாலம்பூரிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போய்வரும் தொலைவு 28,000 கிலோமீட்டர் ஆதலின், எவ்வளவு கட்டணம் செலுத்தினும் அங்குள்ள கணினியிடமிருந்து 140 மில்லிவிநாடிக்குள் விடை பெற இயலாது. கடலடிக் கம்பிவடங்கள் நேர்க்கோட்டில் செல்லாமையால் உண்மையான சுணக்கம் இதனினும் மிகுதியாகவே இருக்கும்.

செயற்கைக்கோள் வழி இணைப்பில் இந்நிலை இன்னும் கடுமையானது. நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொள்ளும் செயற்கைக்கோளுக்குச் செய்தி ஏறி இறங்கிச் செல்லவும், அதன் விடை அவ்வாறே ஏறி இறங்கித் திரும்பவும் ஏறத்தாழ அரை விநாடி ஆகும். சபா, சரவாக் மாநிலங்களின் உட்புறப் பள்ளிகள் பல இத்தகைய இணைப்பையே நம்பியிருந்தன. 2023ஆம் ஆண்டில் மலேசியாவில் அறிமுகமான ஸ்டார்லிங்க் போன்ற சேவைகள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்களைப் பயன்படுத்துவதால் இச்சுணக்கத்தை வெகுவாகக் குறைத்துள்ளன.

காணொளியைப் பார்ப்பதற்குச் சுணக்கம் ஒரு பொருட்டன்று, உரையாடலுக்கு அது பெருந்தடை. குரல் உரையாடல் இயல்பாக அமைய ஒருவழிச் சுணக்கம் 150 மில்லிவிநாடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சுணக்கம் மிகுந்த இணைப்பிலிருக்கும் மாணவர் ஆசிரியரின் வினாவைப் பிந்திக் கேட்கிறார். அவர் விடையும் பிந்தி வந்து சேர்கிறது. அதற்குள் வேறொரு மாணவர் விடை கூறிவிடுகிறார், அல்லது ஆசிரியரே அடுத்த வினாவிற்குச் சென்றுவிடுகிறார். சில முறை இவ்வாறு நிகழ்ந்தபின் அம்மாணவர் வாய் திறப்பதையே விட்டுவிடுவார். இங்குக் குறை அறிவிலும் இல்லை, ஆர்வத்திலும் இல்லை.

பொதி இழப்பு

மூன்றாவது குறை 'பொதி இழப்பு' ஆகும். இணையத்தில் செல்லும் எதுவும் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. வழியில் நெரிசல் ஏற்பட்டாலோ அலை நலிந்தாலோ சில பொதிகள் தொலைந்துபோகும். கோப்பாயின் தொலைந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெறலாம். உரையாடலில் அதற்கு நேரமில்லை. எனவே செயலி தொலைந்த இடத்தை முந்தைய ஒலியின் நீட்சியைக் கொண்டு நிரப்பிவிட்டு மேற்செல்கிறது.

தமிழாசிரியர்கள் தனியே கருதவேண்டிய கூறு ஒன்று இங்கு உண்டு. குரல் உரையாடலில் ஒரு பொதி பொதுவாக 20 மில்லிவிநாடி நேர ஒலியைச் சுமந்து செல்கிறது. தமிழில் ஒற்றை மெய்க்கும் இரட்டித்த மெய்க்கும் உள்ள வேறுபாடு பெரிதும் ஒலிக்கும் கால அளவைச் சார்ந்தது. 'பனி', 'பன்னி' என்பவற்றையும், 'கலி', 'கல்லி' என்பவற்றையும் செவி பிரித்தறிவது சில பத்து மில்லிவிநாடி வேறுபாட்டினால்தான். அடுத்தடுத்து மூன்று நான்கு பொதிகள் தொலைந்தால் இவ்வேறுபாடு அழிந்துபோக இடமுண்டு. லகர ளகர ழகர வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் நுண்ணியவை. அவற்றை உணர்த்தும் ஒலிக்குறிப்புகள் மிகச் சிறிது நேரமே நீடிப்பவை. ஆகவே பொதி இழப்புள்ள இணைப்பில் நடத்தப்பெறும் சொல்வதெழுதுதல், கேட்டல், வாய்மொழிப் பயிற்சிகளில் மாணவர் செய்யும் பிழை அவருடையதாகவும் இருக்கலாம், இணைப்பினுடையதாகவும் இருக்கலாம். இதனைப் பிரித்தறியாது மதிப்பெண் குறைத்தல் முறையாகாது. இத்தகைய பயிற்சிக்குரிய ஒலிப்பதிவை முன்கூட்டியே கோப்பாக அனுப்பிவிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும்.

வீட்டின் சுவர்களுக்குள்

நான்காவது குறை வீட்டிற்குள்ளேயே எழுவது. 'வைஃபை' என்பதும் இணையம் என்பதும் ஒன்றே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஒளியிழை வீட்டு வாசல் வரை தரவைக் கொண்டுவருகிறது. அங்கிருந்து நம் கைக்கருவி வரை அதனைக் கொண்டுசெல்வது வைஃபை. முன்னது நிறுவனத்தின் பொறுப்பு, பின்னது பெரிதும் நம் வீட்டின் அமைப்பைச் சார்ந்தது.

வைஃபை அலைகள் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு பகுதிகளில் இயங்குகின்றன. முன்னது சுவர்களை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும், ஆனால் நெரிசல் மிக்கது. அதில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களாக 1, 6, 11 என்னும் மூன்றையே பயன்படுத்த இயலும். அடுக்குமாடி வீட்டில் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து குடும்பங்களின் கருவிகளும் இம்மூன்றுக்குள்ளேயே இடம் தேடுகின்றன. நுண்ணலை அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே இயங்குவதால் அஃது இயங்கும்போது அருகிலுள்ள இணைப்பு நலிவதுண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இடம் மிகுதி, ஆனால் சுவர்களைத் தாண்டும் ஆற்றல் குறைவு.

சிங்கப்பூரில் 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாதுகாப்பறை ஒன்று உண்டு. மக்கள் அதனைப் 'பாம் ஷெல்ட்டர்' என்றே அழைக்கின்றனர். கனத்த கற்காரைச் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட அவ்வறைக்குள் ரௌட்டரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் அலைகள் வெளியே வர இயலாது. மலேசியாவின் வரிசை வீடுகளோ முன்புறம் குறுகிப் பின்புறமாக நீண்டவை. ஒளியிழை முன்வாசல் வழியே நுழைவதால் ரௌட்டரும் அங்கேயே பொருத்தப்படுகிறது. பிள்ளைகள் படிக்கும் அறை பின்புறத்திலோ மாடியிலோ இருப்பின் இரண்டு மூன்று செங்கற்சுவர்களைக் கடந்தே அலை அவர்களை அடையவேண்டும். இவ்விரு நிலையிலும் மாதக் கட்டணத்தை உயர்த்துவதால் பயனில்லை. ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதியில் உயரமான திறந்த இடத்திற்கு மாற்றுவதோ, ஒரு கம்பியை உள்ளறை வரை இழுத்துவிடுவதோதான் தீர்வாகும்.

வீட்டிற்குள் எழும் மற்றொரு குறை கண்ணுக்குப் புலப்படாதது. கைத்தொலைபேசிகள் நாம் எடுத்த படங்களைத் தாமாகவே மேகச் சேமிப்பிற்கு அனுப்புகின்றன. அப்பணி ஏற்றக் கொள்ளளவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும்போது பிற பொதிகள் ரௌட்டரில் வரிசைகட்டி நிற்க நேர்ந்து சுணக்கம் பன்மடங்காகிறது. அடுத்த அறையில் ஒருவரின் தொலைபேசி முந்தைய நாள் திருமணப் படங்களை ஏற்றிக்கொண்டிருக்க, இங்கே மாணவரின் குரல் துண்டு துண்டாகிறது. வகுப்பு நேரத்தில் இத்தானியங்கிச் சேமிப்பை நிறுத்தி வைத்தல் செலவில்லாத் தீர்வாகும்.

கைத்தொலைபேசியையே நம்பியிருப்போர்

மேற்கூறியவை வீட்டில் நிலையான இணைப்புள்ளோர்க்கு உரியவை. மலேசியாவின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் கணிசமானவை தோட்டப்புறங்களில் தோன்றியவை. அவற்றின் மாணவர்களுள் பலர்க்குக் குடும்பத்திற்கு ஒன்றென உள்ள கைத்தொலைபேசியே இணையத்திற்கான ஒரே வழி. ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அதனைச் சூழ்ந்துள்ளோர் அனைவர்க்கும் பொதுவானது. ஆகவே எல்லாரும் வீட்டிலிருக்கும் நேரத்தில் ஒவ்வொருவர் பங்கும் சுருங்குகிறது. மேடும் பள்ளமுமான செம்பனைத் தோட்டங்களில் ஒரு குன்றின் மறைவே அலையைத் தடுக்கப் போதுமானது. சபா மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தேர்வெழுத அலை வேண்டி மரத்தின்மேல் இரவைக் கழித்த செய்தி 2020ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. நாட்டின் இணைப்பு வசதியை மேம்படுத்தும் ஜென்டேலா திட்டம் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பெற்றது.

தரவின் விலையும் இங்குக் கருதத்தக்கது. படத்துடன் கூடிய வகுப்பு விநாடிக்கு 2 மெகாபிட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால் ஒரு மணி நேரத்திற்கு 900 மெகாபைட் செலவாகும். குரல் மட்டும் போதுமெனின் விநாடிக்கு 0.1 மெகாபிட்டே மிகுதி. அதன்படி ஒரு மணி நேரத்திற்கு 45 மெகாபைட்தான். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இருபது மடங்கு. முன்பணம் செலுத்தித் தரவு வாங்கும் குடும்பத்தில், நாளொன்றுக்கு மூன்று மணி நேர வகுப்பு என்பது படத்துடன் 2.7 கிகாபைட், குரலுடன் மட்டும் 135 மெகாபைட். 'எல்லாரும் முகத்தைக் காட்டுங்கள்' என்னும் கட்டளை எந்த வீட்டில் எவ்வளவு செலவை ஏற்படுத்துகிறது என்பதை ஆசிரியர் இக்கணக்கினால் உணரலாம்.

கருவியின் முதுமையும் ஒரு காரணமே. மலேசியாவில் மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. நான்காம் தலைமுறை அலையை ஏற்க இயலாத கருவிகள் அதன்பின் இணையத்திற்குப் பெரும்பாலும் பயனற்றுப்போயின. பழைய கருவிகளில் நாளும் நேரமும் தவறாக இருப்பதாலேயே பல தளங்கள் 'பாதுகாப்பற்ற இணைப்பு' எனக் கூறித் திறக்க மறுப்பதுண்டு. இதனை வேகக் குறைவு எனக் கருதி ரௌட்டரை அணைத்து ஏற்றிக் கொண்டிருப்பதால் பயனில்லை. கருவியின் நாளைச் சரிசெய்தாலே போதும்.

குறையை இனங்காணும் முறை

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, எவரும் பின்பற்றக்கூடிய வினாவரிசை ஒன்றை அமைக்கலாம்.

முதலாவது, குறை ஒரு கருவியிலா, எல்லாக் கருவிகளிலுமா? ஒன்றில் மட்டுமெனில் அக்கருவியையே ஆராயவேண்டும்.

இரண்டாவது, ஒரு தளத்திலா, எல்லாத் தளங்களிலுமா? ஒன்றில் மட்டுமெனில் குறை பெரும்பாலும் அத்தளத்தினுடையது. வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் தடுமாறினால் கடலடிக் கம்பிவடத்தில் பழுது நேர்ந்திருக்கலாம். 2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவானுக்கு அருகில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் கம்பிவடங்கள் பல அறுந்து, நம் வட்டாரத்தில் வெளிநாட்டுத் தொடர்பு தடுமாறியது. அவற்றைச் சீர்செய்யப் பல வாரங்களாயின.

மூன்றாவது, ரௌட்டருக்கு அருகிலும் தொலைவிலும் ஒரே நிலையா? கம்பியால் நேரே இணைத்தால் சரியாகிறதெனில் குறை வைஃபையில் உள்ளது. கம்பியிலும் தொடர்ந்தால் அது ரௌட்டரிலோ நிறுவனத்தின் பகுதியிலோ உள்ளது.

நான்காவது, எந்நேரமுமா, மாலை இரவு வேளைகளில் மட்டுமா? பின்னதெனில் நெரிசலே காரணம் எனலாம்.

ஐந்தாவது, இறக்கம், ஏற்றம், சுணக்கம் ஆகிய மூன்றின் அளவும் யாவை? இவற்றை அளந்து காட்டும் தளங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நாள், நேரம், மூன்று அளவுகள் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவைத்தல் நன்று.

இவ்வாறு குறித்துவைத்த தாள் ஒன்று கையிலிருந்தால் நிறுவனத்திடம் முறையிடும் முறையே மாறிவிடும். 'லைன் ஸ்லோ' என்று கூறுவோர்க்குக் கிடைக்கும் மறுமொழி 'ரௌட்டரை அணைத்து மீண்டும் ஏற்றுங்கள்' என்பதே. 'கம்பியில் இணைத்தும் இரவு எட்டு முதல் பதினொரு மணி வரை ஏற்றம் 1 மெகாபிட்டைத் தாண்டவில்லை, ஒரு வாரக் குறிப்பு உள்ளது' என்று கூறுவோர்க்கு அம்மறுமொழியை அளிக்க இயலாது. நிறுவனம் தீர்வு காணாதவிடத்து மேல்முறையீட்டிற்கும் அத்தாளே சான்றாகும்.

பெயரிடுதலின் பயன்

ஒரு தொழில்நுட்பக் குறையைப் பிரித்துப் பெயரிடுவதால் என்ன பயன் என வினவுவோர் இருக்கலாம். அதற்குத் தமிழுலகமே விடை கண்டுள்ளது. 1990களில் கணினியில் தமிழைப் பயன்படுத்தியோரின் பொதுவான குறை 'எழுத்து வரவில்லை' என்பதாகும். அத்தொடருக்குள் மூன்று குறைகள் அடங்கியிருந்தன. எழுத்துரு கணினியில் இல்லாமை ஒன்று. அனுப்புபவரும் பெறுபவரும் வெவ்வேறு குறியேற்றத்தைப் பயன்படுத்தியமை மற்றொன்று. கொம்பும் காலும் உரிய இடத்தில் அமையுமாறு எழுத்தைக் கோத்துக் காட்டும் ஆற்றல் இயங்குதளத்திற்கு இல்லாமை மூன்றாவது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடுகளில் இத்தகைய சிக்கல்கள் விரிவாக ஆராயப்பட்டன. உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் அத்தொடரிலேயே உருவாயிற்று. குறைகள் பிரித்துணரப்பட்ட பின்னரே ஒவ்வொன்றிற்கும் உரிய தீர்வு கிட்டியது. இன்று ஒருங்குகுறியின் வழியே நாம் தடையின்றித் தமிழில் எழுதுகிறோம்.

அம்முறையே இங்கும் பொருந்தும். கொள்ளளவு, சுணக்கம், பொதி இழப்பு, வீட்டலையின் நலிவு ஆகிய நான்கையும் மாணவர் தமிழில் கூறப் பழகினால் ஆசிரியர்க்கு அவர் நிலை விளங்கும். 'எனக்குக் குரல் பிந்தி வருகிறது', 'இடையிடையே எழுத்துகள் விழுந்துபோகின்றன', 'கேட்கிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை' என்னும் மூன்று எளிய தொடர்களை வகுப்பின் தொடக்கத்திலேயே கற்பித்துவிடலாம். முதலாவதைக் கூறுபவர்க்கு விடையிறுக்கக் கூடுதல் நேரமும், இரண்டாமவர்க்கு ஒலிக்கோப்பும், மூன்றாமவர்க்கு எழுத்துவழி ஒப்படைப்பும் அளித்தால் மூவரும் வகுப்பில் நிலைத்திருப்பர். இம்மூன்றிற்கும் ஆசிரியர்க்குப் புதிய கருவியோ தனிச்செலவோ தேவையில்லை.

முடிவுரை

இணைய இணைப்பின் குறைகள் முற்றிலும் நீங்கும் நாள் வரும் என எதிர்பார்த்தல் இயலாது. கொள்ளளவு பெருகுந்தோறும் நம் தேவைகளும் பெருகுகின்றன. கடலின் தொலைவும் சுவரின் கனமும் மாறுவனவல்ல. நம்மால் இயல்வது குறையை அதன் இடத்தில் வைத்துக் காண்பதாகும். நிறுவனத்தின் குறையை வீட்டின்மேலும், வீட்டின் குறையை நிறுவனத்தின்மேலும், இவ்விரண்டின் குறையையும் மாணவர்மேலும் ஏற்றாதிருக்க அத்தெளிவு உதவும். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதுவதற்குமுன் எவ்வகைக் குறை அம்மாணவரைத் தடுத்தது என்று ஒரு வினா எழுப்புதல் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்படவேண்டும். அவ்வினாவைத் தமிழில் கேட்கவும் தமிழில் விடை கூறவும் வேண்டிய சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை வகுப்பறையில் வழக்கிற்குக் கொண்டுவருவது தமிழாசிரியர் கையில் உள்ளது.